4052 என்ற எண்

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரித்து வந்த ரசிகர்கள், 1960-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம், எந்த ஆலையிலும் வார்க்கப்படாத ஒரு தட்டை ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டிருந்தார்கள். நியூயார்க்கில் இருந்த புளூ நோட் என்ற சிறிய ஸ்தாபனம், டீனா புரூக்ஸ் என்னும் டெனர் சாக்ஸபோன் வித்வானுடைய வாசிப்பைப் பதிவு செய்து, ‘பேக் டு தி டிராக்ஸ்’ என்று அதற்குப் பெயர் சூட்டி, 4052 என்று வரிசை எண் கொடுத்து, அட்டையையும் தயாரித்து, வெளிவரப் போவதாக அறிவித்தும் விட்டது. அதன்பின், என்ன காரணத்தாலோ, அதை வெளியிடாமலே இருந்துவிட்டது. 4051-ஆம் எண்ணில் ஜாக்கி மெக்லீன் கிடைக்கிறார், 4053-ஆம் எண்ணில் லூ டொனால்ட்சன் கிடைக்கிறார், நடுவில் உள்ள ஒன்று மட்டும் எந்தக் கடையிலும் எந்த ஏலத்திலும் அகப்படவில்லை என்றால், சேகரிப்பவன் மனம் என்ன பாடுபடும் என்பதைத் தபால்தலை சேர்த்துப் பழகியவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

இல்லாத தட்டுக்காக இவ்வளவு ஏக்கமா என்று கேட்பவர்களுக்கு, இந்தச் சங்கீதத்தின் சுபாவத்தைச் சற்றுச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பு மக்களிடையே தோன்றி வளர்ந்த ஜாஸ் சங்கீதத்தை விளக்குவதற்கு நம்மவர்களிடம் நீண்ட வியாக்கியானம் தேவையில்லை. மனோதர்மம் என்ற ஒரு சொல் போதும். பாட்டின் மெட்டை ஒருமுறை சேர்ந்து வாசித்துவிட்டு, அதன் அமைப்பை மட்டும் ஆதாரமாக வைத்துக்கொண்டு, அந்தந்த வித்வான் அந்தந்தக் கணத்தில் தோன்றியதை வாசித்துச் செல்வதுதான் அதன் ஜீவன். காகிதத்தில் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் வெறும் மெட்டுத்தான்; நேற்று இரவு ஒருவர் வாசித்தது நேற்று இரவோடு போய்விட்டது. ஆகையால், மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதத்துக்கு எழுதிய ஸ்வரப் பிரதி எப்படியோ, அப்படி ஜாஸுக்கு இசைத்தட்டே மூலப்பிரதியாகிவிட்டது.

டீன் பெனடெட்டி என்பவருடைய காரியத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அவரே ஒரு சாக்ஸபோன் வாசிப்பவர். ஆனாலும் சார்லி பார்க்கர் வாசிப்பதைக் கேட்டபிறகு, 1947-லும் 1948-லும், கனத்த பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் வாசித்த விடுதிகளுக்குப் போய், பார்க்கர் வாத்தியத்தை எடுத்து வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் கருவியை ஓடவிட்டு, மற்றவர்களின் முறை வந்தவுடன் அணைத்துவிடுவாராம். தட்டும் நாடாவும் விலை அதிகம் என்பதால் செய்த சிக்கனமே என்றாலும், உடன் வாசித்தவர்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ! பெனடெட்டி 1957-இல் இளவயதிலேயே இறந்துபோனார். அந்தப் பதிவுகள் இருக்கின்றனவா, வெறும் கதையா என்று ரசிகர்கள் தர்க்கம் செய்துகொண்டிருக்கையில், அவருடைய சகோதரர் வீட்டில் அவை பத்திரமாக இருந்து, 1990-இல் தட்டுகளாக வெளிவந்தன.

பழைய தட்டைத் தேடும் பைத்தியமும், அதை மறுபடி வெளியிடும் முயற்சியும் ஒன்றாகவே பிறந்தவை. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் விக்டர் கம்பெனியாருக்காக நியூயார்க்கில் பதிவாயிற்று; அதற்கு இருபது ஆண்டுகள் நிறைவதற்குள்ளாகவே, பொருளாதார மந்தத்தில் நலிந்த கம்பெனிகள் பழைய தட்டுகளை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டிருந்தன. அப்போது நியூயார்க்கில் காமடோர் என்ற கடையை நடத்திக்கொண்டிருந்த மில்ட் கேப்ளர், கம்பெனிகளின் கிடங்கில் தூங்கிய பழைய உலோக அச்சுகளிலிருந்து மறுபடி தட்டு வார்க்கச் செய்து, ஆர்வமுள்ளவர்களுக்கு விற்கலானார். லேபிளில் வாத்தியக் கோஷ்டியின் தலைவர் பெயரோடு நின்றுவிடாமல், யார் எந்த வாத்தியம் வாசித்தார், எந்த நாளில் வாசித்தார் என்பதையும் அவர் அச்சிட்டார். இன்றைக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த ஒரு வழக்கம், விற்பனைச் சரக்காக இருந்த ஒன்றைச் சரித்திர ஆவணமாக மாற்றிவிட்டது. அதே காலத்தில், 1936-இல், பாரிஸ் நகரத்தில் சார்ல் டெலோனே ஜாஸ் தட்டுகளுக்கென்று ஒரு விவர அட்டவணையைப் புத்தகமாகவே பிரசுரித்தார்.

அந்தக் காலத்துத் தட்டுகள் பிளாஸ்டிக்கால் ஆனவையல்ல. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று சுழலும் அரக்குத் தட்டுகள். அந்த அரக்கில் பெரும்பகுதி நமது சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினாக இருந்து, கல்கத்தாத் துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறிப் போனது. 1942-இல் யுத்தத்தின் காரணமாக அமெரிக்காவில் அரக்குக்குக் கட்டுப்பாடு வந்தபோது, புதுத் தட்டு வார்ப்பதற்காகப் பழைய தட்டுகளை வீடு வீடாகச் சேகரித்து உடைத்து உருக்கினார்கள். எத்தனை அபூர்வமான வாசிப்புகள் அந்தக் கொப்பரையில் கரைந்தன என்று கணக்கிடுவார் யாருமில்லை.

புளூ நோட்டுக்கு வருகிறேன். பெர்லினில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆல்ஃபிரட் லயன், 1938-ஆம் வருஷக் கடைசியில் கார்னகி மண்டபத்தில் நடந்த ஒரு கச்சேரியைக் கேட்டு மெய்ம்மறந்து, அதில் வாசித்த இரண்டு பியானோக்காரர்களைச் சில நாட்களுக்குள் தம் சொந்தக் காசில் பதிவு செய்ததிலிருந்து, 1939 ஜனவரியில் அந்த ஸ்தாபனம் ஆரம்பமாயிற்று. அவருடைய பாலிய சிநேகிதரும் புகைப்படக்காரருமான பிரான்சிஸ் உல்ஃப், அதே ஆண்டில் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து கூட்டாளியானார். மற்றக் கம்பெனிகள் வித்வான்களை நேரே பதிவுக்கூடத்துக்கு அழைத்து வந்து கையில் காகிதத்தைக் கொடுக்க, இவர்கள் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கச் சொல்லி அந்த ஒத்திகைக்கும் சம்பளம் கொடுத்தார்கள் என்பது, அந்தத் தட்டுகளைக் கேட்கும்போது காதுக்கே தெரியும் விஷயம்.

ஒலிப்பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக்கொடுக்கும் உத்தியோகம். மாலையில், நியூ ஜெர்சி மாகாணத்து ஹாக்கன்சாக் என்ற ஊரில் தம் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவு. 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்தக் கூடம் கட்டிக்கொள்ளும் வரையில், ஜாஸ் சரித்திரத்தின் மேன்மையான வாசிப்புகளில் பல, ஒரு குடும்பத்தினர் விருந்தாளிகளை உட்கார வைத்துப் பேசுகிற அறையில் நிகழ்ந்தன என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம் உண்டாகிறது.

இப்போது அந்தக் காலத்துத் தட்டு ஒன்றை எடுத்து விளக்கின் கீழே சாய்த்துப் பார்ப்போம். நீலமும் வெள்ளையுமான வட்ட லேபிளில் கம்பெனியின் விலாசம் அச்சாகியிருக்கிறது: மிகப் பழையதாயின் லெக்ஸிங்டன் அவென்யூ, 1957-ஐ ஒட்டி, மேற்கு அறுபத்து மூன்றாம் தெரு, 47-ஆம் எண், 1962-ஐ ஒட்டி, வெறுமே ‘நியூயார்க், அமெரிக்கா’. லேபிளின் மேல் விரலை ஓட்டினால், சிலவற்றில் ஆழமான வட்டப் பள்ளம் ஒன்று தட்டுப்படும். அது பழைய வார்ப்பு அச்சுகளின் அடையாளம். சங்கீதத்தின் சுருள்கோடு முடிந்து லேபிளைத் தொடுவதற்கு முன்னால் வழவழப்பான வெற்று வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ‘ஆர்விஜி’ என்று வான் கெல்டரின் முதலெழுத்துக்கள் பொறித்திருக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் காது மடலைப் போல வளைந்த ஒரு சிறு கீறலும் தென்படும். அது பிளாஸ்டிலைட் என்ற வார்ப்பாலையின் முதலெழுத்து. சேகரிப்பவர்கள் அதைக் ‘காது’ என்றே சொல்லுகிறார்கள், “காது இருக்கிறதா?” என்ற கேள்விக்கு விற்பவர் கொடுக்கும் பதிலைப் பொறுத்து விலை பல மடங்கு ஏறும், அல்லது இறங்கும். 1966-இல் புளூ நோட் லிபர்ட்டி என்ற பெரிய கம்பெனியின் கைக்குப் போனபின் அந்தக் காது மறைந்துவிட்டது.

இந்த லட்சணங்களை ஆராய்வதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் ஹாங்க் மோப்லியின் 1568-ஆம் எண்ணுள்ள தட்டை, அதன் ஒரு பக்கத்து லேபிளில் மட்டும் விலாசத்தோடு ‘23’ என்ற தபால் எண் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி, கீறல் விழுமோ என்ற பயத்தால் ஒருநாளும் முள்ளை அதன்மேல் வைக்காமல் பூட்டி வைப்பவரை ரசிகர் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. அவர் சேகரிப்பது தபால் எண்களை.

முதல் பதிப்பே உத்தமம் என்ற நம்பிக்கைக்கு ஜாஸ் சரித்திரத்திலேயே ஒரு பெரிய ஆட்சேபம் இருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்ற தட்டின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும் 1959 மார்ச் 2-ஆம் தேதி, கொலம்பியா கம்பெனியாரின் முப்பதாம் தெருக் கூடத்தில் பதிவாயின. அன்றைக்கு ஓடிய பிரதானக் கருவி சற்று மெதுவாக ஓடியதை ஒருவரும் கவனிக்கவில்லை. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? ஸ்ருதி ஏறிவிடும். அந்த ஏறிய ஸ்ருதியோடேயே தட்டு வெளிவந்து, உலகமெல்லாம் பரவி, தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக முயன்ற இளைஞர்கள் தங்கள் வாத்தியத்தில்தான் கோளாறு என்று நினைத்திருக்கக்கூடிய வகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தது. பாதுகாப்புக்காக அதே சமயத்தில் இன்னொரு கருவியில் ஓடவிட்டிருந்த நாடாவை எடுத்து ஒப்பிட்டு, 1992-ஆம் ஆண்டு மறுபதிப்பில்தான் அந்தப் பிழையைத் திருத்தினார்கள். பழைய ஏட்டுப் பிரதிகளைப் பரிசோதித்துப் பாடபேதம் குறித்துப் பதிப்பித்த பண்டிதர்கள் இந்தச் செய்தியைக் கேட்டால் தங்கள் இனத்தவர் வேலை என்று உடனே கண்டுகொண்டிருப்பார்கள். எழுதினவர் கைப்பட்ட ஏடாகவே இருந்தாலும், கைப்பிழை கைப்பிழைதான்.

டீனா புரூக்ஸின் கதையும் அப்படிப்பட்ட ஒரு பதிப்பாசிரியரால் துலங்கியதுதான். டீனா என்பது பெண்ணின் பெயர் போல ஒலிக்கும். இளம் பிராயத்தில் உருவம் சிறியதாக இருந்ததால் வந்த செல்லப்பெயர் அது, ஹரால்ட் என்பது இயற்பெயர். 1958-க்கும் 1961-க்கும் இடையில் அவர் தலைமை வகித்து நான்கு தட்டுகளுக்கு வாசித்தார். முதலாவதாகிய ‘மைனர் மூவ்’ பதிவில் லீ மார்கன் டிரம்பெட், சன்னி கிளார்க் பியானோ, ஆர்ட் பிளேக்கி டிரம்ஸ். இதைவிடச் சிறந்த பக்கவாத்தியம் யாருக்கு அமையும்? ஆயினும் அவர் ஜீவித்திருந்த காலத்தில் அந்த நான்கில் வெளிவந்தது 1960-இல் பதிவான ‘ட்ரூ புளூ’ ஒன்றுதான். மூன்றும் கிடங்கில் கிடக்க, நோயும் போதைப் பழக்கமும் அவரை ஒடுக்க, 1974-ஆம் ஆண்டில், நாற்பத்திரண்டாவது வயதில், அவர் இறந்துபோனார். அவருடைய தொனி கனத்துக் கர்ஜிக்கிற தொனியல்ல. வாக்கியத்தை ஆரம்பித்து, நடுவில் ஒரு கணம் தயங்கி, நாம் எதிர்பார்க்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் முடிக்கிற வழக்கம் அவருடையது. துக்கத்தை வெளியே காட்டிக்கொள்ளாத மனிதர் பேசுவதைப் போல இருக்கும்.

அவர் இறந்த மறு வருஷம், மைக்கேல் கஸ்கூனா என்ற இளைஞருக்குப் புளூ நோட்டின் நாடாக் கிடங்குக்குள் நுழைய அனுமதி கிடைத்தது. லயன் தம்மால் வெளியிடக்கூடியதைவிட மிக அதிகமாகப் பதிவு செய்திருக்கிறார் என்பதை வித்வான்கள் சொல்லக் கேட்டு, எந்தப் பதிவு, எந்த நாள், யார் யார் என்று அவர் ஏற்கெனவே குறிப்பு வைத்திருந்தார். பெட்டிகளின் மேல் விவரம் அற்பமாகவே இருந்தபடியால், நாடாவை ஓட்டிக் கேட்பதும், வாசித்தவர்களையே கூப்பிட்டு விசாரிப்பதுமாகப் பெயரில்லாத உருப்படிகளுக்குப் பெயர் கண்டுபிடித்தார்.

அங்கே கிடைத்த பொக்கிஷத்துக்கு அமெரிக்காவைவிட ஜப்பானில் அதிகம் வரவேற்பு இருந்தது. அந்த நாட்டில், இறக்குமதித் தட்டின் விலை சாமானியர்களுக்கு எட்டாத காலத்தில், ஒரு கோப்பைக் காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு, பேச்சுமூச்சு இல்லாமல் மணிக்கணக்காக உட்கார்ந்து ஜாஸ் தட்டுகளைக் கேட்பதற்கென்றே காப்பிக்கடைகள் ஏற்பட்டிருந்தன. சொந்த தேசத்தில் அநேகர் மறந்துவிட்ட சன்னி கிளார்க் அங்கே கொண்டாடப்பட்டார். ‘மைனர் மூவ்’ பதிவாகி இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1980-இல், முதன்முதலாக வெளியானதும் ஜப்பானில்தான். வெளியிட்டவர்கள் கிங் கம்பெனியார். அமெரிக்காவில் உண்டான சங்கீதத்தின் முதல் பதிப்பே டோக்கியோவில் என்றால், எது மூலம், எது மறுபதிப்பு?

இந்தக் கிங் தட்டுகளின் அட்டையைச் சுற்றி, ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட ஓபி என்ற காகிதப் பட்டை ஒன்று இருக்கும். பட்டையைக் கிழித்து எறிந்துவிட்டவர்கள் பின்னால் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஏனெனில் அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. நானும் இந்தப் பட்டையால் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ‘மைனர் மூவ்’ பழைய பதிப்பு, பட்டையோடு, அப்பழுக்கற்றது என்று எழுதியிருந்த வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்குப் பணம் அனுப்பி, ஒன்றரை மாதம் காத்திருந்து, பிரித்துப் பார்த்தேன். அட்டை அப்பழுக்கற்றது, பட்டையும் அப்படியே, உள்ளே இருந்தது யாரோ ஒருவருடைய நாட்டியக் கூடத்து ஆர்கன் வாசிப்பு. எழுதிக் கேட்டதற்கு, தாம் வர்ணித்தது அட்டையின் நிலைமையை மட்டுமே என்று பதில் வந்தது! அன்றிலிருந்து, தட்டின் வெற்று வளையத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லாமல் நான் காசை வெளியே எடுப்பதில்லை.

கஸ்கூனாவும் அவருடைய நண்பர் சார்லி லூரியும் பிறகு மொசைக் என்ற சிறு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். ஒரு வித்வானுடைய குறிப்பிட்ட காலத்துப் பதிவுகள் எல்லாவற்றையும் காலவரிசையில் தொகுத்து, பெட்டியில் அடக்கி, விவரப் புத்தகமும் சேர்த்து, கடைகளின் வழியாக அன்றித் தபால் மூலமே விற்பது அவர்கள் முறை. உரிமை பெற்ற எண்ணிக்கை விற்றுத் தீர்ந்தால் அதோடு சரி. முதல் பெட்டி 1983-இல் தெலோனியஸ் மங்க். 1985-இல் டீனா புரூக்ஸ், நான்கு தட்டுகள். 4052-ஆம் எண் தாங்க வேண்டியிருந்த சங்கீதம் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பெட்டியில்தான் முதன்முதலாக உலகத்தின் காதில் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அபூர்வத்தை எல்லோருக்கும் எட்டச் செய்ய வந்த அந்தப் பெட்டி விற்றுத் தீர்ந்து, தானே அபூர்வமாகி, இப்போது அதை ஏலத்தில் துரத்துகிறார்கள்.

புதிதாக இந்த வழியில் இறங்குகிறவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவைப்பது என் கடமை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் முன்னாளில் ஐம்பது ஆண்டுகள். 2013-இல் அதை எழுபதாக நீட்டியபோது, ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே 1962 வரை வெளியான ஜாஸ் தட்டுகளை அங்கே பதிவின் உரிமையாளரைக் கேளாமலே யாரும் வார்க்கலாம். பளபளப்பான அட்டையோடு குறைந்த விலைக்கு வரும் பல மறுபதிப்புகள், மூலநாடாவைக் கண்ணாலும் காணாமல், யாரோ வெளியிட்ட குறுந்தட்டிலிருந்து பிரதியெடுத்தவை. அட்டையின் பின்புறத்தில் எந்த நாடாவிலிருந்து, யார் வெட்டினார் என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். அந்த விஷயத்தில் மௌனம் சாதிக்கும் அட்டையை நான் மறுபடி அடுக்கிலேயே வைத்துவிடுவேன். புளூ நோட்டே 2019-இல் தொடங்கிய ‘டோன் பொயட்’ வரிசை, மூலநாடாவிலிருந்தே நேரே வெட்டப்படுவது. பழைய முதல் பதிப்புக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பின்னமே அதன் விலை. ‘மைனர் மூவ்’ அதிலும் வந்தது.

அவ்விதம் வெட்டுவதற்கு வேண்டிய லாக்கர் பூச்சுத் தகடுகளைச் செய்யும் தொழிற்சாலைகள் உலகத்தில் இரண்டே இருந்தன. அவற்றுள் கலிபோர்னியாவில் இருந்தது 2020 பிப்ரவரியில் தீப்பிடித்து அழிய, ஜப்பானில் உள்ள ஒன்றை நம்பியே எல்லோரும் இருக்க வேண்டியதாயிற்று. நாடாக்களுக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. 2008-இல் ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டூடியோக் கட்டிடம் ஒன்று எரிந்தபோது எண்ணற்ற மூலநாடாக்கள் சாம்பலானது, பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகே பத்திரிகை வாயிலாக உலகத்துக்கு முழுதும் தெரிந்தது. அப்படி எரிந்துபோனவற்றில் சிலவற்றுக்கு இனி மூலப்பிரதி, யாரோ ஒருவர் தம் அலமாரியில் தூசி தட்டி வைத்திருக்கும் பழைய தட்டுத்தான்.

‘பேக் டு தி டிராக்ஸ்’ பின்னாளில், அன்றைக்குத் தயாரித்து வைத்த அட்டையோடேயே, தனித் தட்டாகவும் வெளிவந்தது. என் கைக்கு அது வந்த அன்று, அலமாரியில் மெக்லீனுக்கும் டொனால்ட்சனுக்கும் நடுவே அதைச் செருகப் போனேன். பல ஆண்டுகளாக ஒன்றோடொன்று ஒட்டியே இருந்து பழகிய அந்த இரண்டும் லேசில் விலகவில்லை. வரிசையில் இருந்து நாலைந்து தட்டுகளை வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, இடம் பண்ணித்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்தது.